புத்தகத்தை மூடிவிட்டு வாசிக்க முடியுமா? புளூஸ் பியானோ காட்டும் வழி



பிள்ளைகளின் இசைக் கல்வி பற்றிய எங்கள் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஒரு தாயார் எழுந்து இப்படிக் கேட்டார்: "என் மகள் ஆறு வருடமாகப் பியானோ படிக்கிறாள். கிரேட் 5 தேர்விலும் நல்ல புள்ளிகள் எடுத்தாள். ஆனால் வீட்டுக்கு வந்த உறவினர்கள் 'ஏதாவது வாசியம்மா' என்று கேட்டால், 'புத்தகம் இல்லையே' என்று கையைப் பிசைகிறாள். நாங்கள் கட்டிய பணமெல்லாம் அந்தப் புத்தகத்துக்குள்தான் இருக்கிறதா?"

அரங்கில் சிரிப்பு எழுந்தது. அந்தத் தாயார் சிரிக்கவில்லை.

அவருக்குப் பிறகு ஒலிவாங்கியைப் பிடித்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அன்பர். வாகனப் பட்டறையில் வேலை செய்பவர். "எனக்குச் சின்ன வயதிலிருந்தே பியானோ ஆசை. அப்போது வசதி இல்லை. இப்போது மகனின் கீபோர்டு வீட்டில் சும்மா கிடக்கிறது. இனிமேல் தொடங்கினால் ஏதாவது வருமா?" என்று கேட்டார்.

ஒன்று பிள்ளையைப் பற்றிய கேள்வி, மற்றொன்று பெரியவரைப் பற்றியது. ஆனாலும் இரண்டுக்கும் ஒரே பதில் தரக்கூடிய இசைவகை ஒன்று உண்டு. அதன் பெயர் புளூஸ். நேரம் போதாமையால் அன்று அரங்கில் சுருக்கமாகச் சொன்னதை இங்கே சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

தாளில் எழுதப்படாமல் பிறந்த இசை

அமெரிக்காவில் அடிமை முறை 1865ஆம் ஆண்டு சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால் தென் மாநிலங்களில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு நிலமும் கிடைக்கவில்லை, நீதியும் கிடைக்கவில்லை. பருத்திக் காடுகளிலும் மரம் வெட்டும் முகாம்களிலும் உழைத்த அம்மக்களின் வேலைப் பாடல்கள், தேவாலயப் பாடல்கள், தனிமைப் புலம்பல்கள் எல்லாம் கலந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புளூஸ் உருப்பெற்றது. அதற்கு இசைப்பள்ளி கிடையாது, பாடநூலும் கிடையாது. ஒருவர் பாட, மற்றவர் கேட்டுக் கற்றுக்கொண்டார். டபிள்யூ. சி. ஹேண்டி தமது 'மெம்ஃபிஸ் புளூஸ்' இசையை அச்சிட்டு வெளியிட்டது 1912ஆம் ஆண்டில்தான். ஆக, இசை முதலில் வந்தது. தாள் பின்னால் வந்தது.

மரம் வெட்டும் முகாம்களில் 'பேரல்ஹவுஸ்' எனப்பட்ட மதுக்கூடங்கள் இருந்தன. அங்கே ஒரு பியானோ இருக்கும். ஒலிபெருக்கியோ டிரம்ஸோ இருக்காது. நாள் முழுதும் உழைத்துக் களைத்த கூட்டத்தை ஒரே ஆள் ஆட வைக்க வேண்டும். அதனால் பியானோக்காரரின் இடக்கையே டிரம்ஸாகவும் பேஸ் கிட்டாராகவும் மாறியது. புளூஸ் பியானோவில் இடக்கைக்கு இவ்வளவு முக்கியத்துவம் வந்த காரணம் இதுதான்.

1910களிலிருந்து 1970 வரை ஏறத்தாழ 6 மில்லியன் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களைவிட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களோடு புளூஸும் சிகாகோவுக்குப் போய்ச் சேர்ந்தது. வாடகை கட்ட முடியாதவர்கள் தங்கள் வீட்டில் விருந்து வைத்து, ஒரு பியானோக்காரரை வாசிக்கச் செய்து, வந்தவர்களிடம் சிறு கட்டணம் வாங்கினார்கள். இத்தகைய 'வாடகை விருந்து'களில் வளர்ந்தவர்களே மீட் லக்ஸ் லூயிஸும் ஆல்பர்ட் அம்மன்ஸும். இருவரும் சிகாகோவில் டாக்சி ஓட்டியவர்கள். அவர்களே 1938 டிசம்பரில் நியூயார்க் கார்னகி மண்டபத்தில் வாசித்தார்கள் என்றால், இந்த இசையின் வலிமையை நாம் புரிந்துகொள்ளலாம்.

முதல் படி: 12 கட்டங்கள்

புளூஸ் இசையின் எலும்புக்கூடு மிகவும் எளிமையானது. நான்கு தட்டுகள் சேர்ந்தது ஒரு கட்டம். இதை 'பார்' என்பார்கள். இப்படி 12 கட்டங்கள் சேர்ந்தால் ஒரு சுற்று. சுற்று முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். நம் ஆதி தாளம் எட்டு எண்ணிக்கையில் திரும்பத் திரும்ப வருவதுபோல, இங்கே 12 கட்டங்கள் திரும்பத் திரும்ப வரும்.

பியானோவில் இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்துக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டை 'சி'. அங்கிருந்து வலப்பக்கமாக வெள்ளைக் கட்டைகள் சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி என்று போகும். சி சுருதியில் புளூஸ் வாசிக்க மூன்று ஆதார சுரங்கள் போதும்: சி, எஃப், ஜி. அவை வரும் வரிசை இதுதான்:

முதல் வரி: சி – சி – சி – சி
இரண்டாம் வரி: எஃப் – எஃப் – சி – சி
மூன்றாம் வரி: ஜி – எஃப் – சி – ஜி

கடைசிக் கட்டத்தில் வரும் ஜி, "இன்னும் முடியவில்லை, மறுபடி தொடங்குகிறோம்" என்று சொல்லும். பாட்டை முடிக்கும்போது மட்டும் அந்த இடத்தில் சி வரும்.

இந்த 12 கட்டங்களையும் எந்தத் தாளையும் பார்க்காமல் மனப்பாடமாகச் சொல்லத் தெரிய வேண்டும். பேருந்துக்குக் காத்திருக்கும்போது விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். பியானோவே தேவையில்லை.

இரண்டாம் படி: இடக்கையும் 'தகிட'வும்

இப்போது இடக்கை. சுண்டுவிரலை சி மீது வையுங்கள். ஆள்காட்டி விரல் ஜி மீதும், கட்டைவிரல் ஏ மீதும் இருக்கட்டும். முதல் தட்டுக்குச் சி-யும் ஜி-யும் சேர்ந்து. இரண்டாம் தட்டுக்குச் சி-யும் ஏ-யும் சேர்ந்து. மூன்றாம் தட்டு முதலைப் போல. நான்காம் தட்டு இரண்டாவதைப் போல. இவ்வளவுதான் ஒரு கட்டம்.

எஃப் வரும்போது கை அப்படியே நகர்ந்து, எஃப்-சி, எஃப்-டி என்று வாசிக்கும். ஜி வரும்போது ஜி-டி, ஜி-இ. எல்லாமே வெள்ளைக் கட்டைகள்தான். தாளமானியை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்தால், ஒரு சுற்று முடிய 48 விநாடி ஆகும். நாளொன்றுக்குப் பத்துச் சுற்று வாசித்தால் எட்டு நிமிடம். எவ்வளவு வேலை உள்ளவருக்கும் எட்டு நிமிடம் கிடைக்கும்.

இது பழகியதும் ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு முறை அடிக்க வேண்டும். இங்கேதான் தேர்வுக்குப் படித்த பிள்ளைகள் தடுமாறுவார்கள். அவர்கள் தட்டைச் சரிபாதியாகப் பிரித்துப் பழகியவர்கள். புளூஸ் பெரும்பாலும் தட்டை மூன்றாகப் பிரிக்கும். நமக்கு இது புதிதல்ல. ஒவ்வொரு தட்டுக்கும் 'த-கி-ட' என்று சொல்லுங்கள். 'த' வரும்போது ஒரு முறை, 'ட' வரும்போது ஒரு முறை அடியுங்கள். 'கி'யில் விரல் அடிக்க வேண்டாம். உடனே அந்த ஆட்டம் வந்துவிடும். 'ஷஃபிள்' என்று மேல்நாட்டார் சொல்வது இதைத்தான்.

இடக்கை தானாக ஓடுகிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. அது வாசித்துக்கொண்டிருக்கும்போதே வீட்டில் உள்ளவரிடம் இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். தாளம் விழுந்துவிட்டால் இன்னும் ஒரு வாரம் பழக வேண்டும். வலக்கையை அவசரமாகச் சேர்ப்பதால்தான் பலர் முதல் மாதத்திலேயே கைவிட்டு விடுகிறார்கள்.

மூன்றாம் படி: நீலச் சுரங்கள்

பல சுரங்களை ஒன்றாக அழுத்துவதை 'கோர்ட்' என்பார்கள். நாம் சுரக்கூட்டு என்று வைத்துக்கொள்வோம். சி, இ, ஜி மூன்றும் சேர்ந்தால் சாதாரணக் கூட்டு. அதோடு, ஏ-க்கும் பி-க்கும் நடுவில் உள்ள கறுப்புக் கட்டையான பி பிளாட்டைச் சேருங்கள். உடனே ஒலியில் ஒரு காரம் ஏறும். இதே முறையில் எஃப் கூட்டு என்பது எஃப், ஏ, சி, இ பிளாட். ஜி கூட்டு என்பது ஜி, பி, டி, எஃப்.

ஐரோப்பிய இசை இலக்கணத்தில் இப்படிப்பட்ட நான்கு சுரக் கூட்டு ஒரு கேள்வியைப் போன்றது. அது பொதுவாக வேறொரு கூட்டில் போய் அமைதியடைய வேண்டும். புளூஸில் அப்படி இல்லை. அந்தக் கேள்வியே வீடு. பாட்டு அதிலேயே தொடங்கும், அதிலேயே முடியலாம். முழு மகிழ்ச்சியும் இல்லாமல் முழுச் சோகமும் இல்லாமல் புளூஸ் ஒலிப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் 'நீலச் சுரங்கள்'. பாடுபவர் ஒரு சுரத்தைச் சற்றே இறக்கி, இழைத்து, வளைத்துப் பாடுவார். கிட்டார்க்காரர் கம்பியை இழுத்து அதே வளைவைக் கொண்டுவருவார். பியானோவில் அது முடியாது. ஒவ்வொரு கட்டைக்கும் ஒலி நிலையானது. நம் வீணையைப் போலக் கம்பியை இழுத்துக் கமகம் கொடுக்க வழியில்லை. பியானோக்காரர்கள் இதற்கு ஒரு தந்திரம் கண்டார்கள். டி-க்கும் இ-க்கும் நடுவில் உள்ள கறுப்புக் கட்டையான இ பிளாட்டைத் தொட்டு, அதே விரலைப் பக்கத்து வெள்ளைக் கட்டையான இ மீது வழுக்கி இறக்குவார்கள். இரண்டு ஒலிகளும் ஒரு கணம் உரசும். அந்த உரசல்தான் வளைவுபோல நம் காதில் விழுகிறது. வழுக்கி வாசிப்பது தவறு என்று பயந்து வளர்ந்த பிள்ளைக்கு இதைக் காட்டிப் பாருங்கள், முகம் மலரும்.

சி சுருதியில் புளூஸ் சுர வரிசை இது: சி, இ பிளாட், எஃப், எஃப் ஷார்ப், ஜி, பி பிளாட். ஆறே சுரங்கள்.

நான்காம் படி: கற்பனை வாசிப்பு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். அந்தந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பது கடவுள் கொடுத்த வரம், நமக்கெல்லாம் அது வராது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். புளூஸ் பாட்டின் அமைப்பைப் பார்த்தாலே இந்த எண்ணம் மாறிவிடும்.

புளூஸ் பாட்டில் பொதுவாக மூன்று வரிகள். முதல் வரியைப் பாடியதும் அதையே மீண்டும் பாடுவார்கள். மூன்றாம் வரியில் பதில் அல்லது முடிவு வரும். ஒவ்வொரு வரிக்கும் நான்கு கட்டங்கள். ஆனால் பாடகர் ஏறத்தாழ முதல் இரண்டு கட்டங்களில் பாடி முடித்துவிடுவார். மீதி இரண்டு கட்டங்கள் காலி. அந்தக் காலி இடத்தில்தான் கருவி பதில் சொல்லும். 1925இல் பெஸி ஸ்மித் பாடிப் பதிவான 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' பாட்டைக் கேளுங்கள். அவர் ஒரு வரி பாடி நிறுத்தியதும் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் பதில் பேசும். அதில் பக்கவாத்தியமாக ஒலிப்பது பியானோகூட இல்லை, நமக்கு நன்கு பழக்கமான ஆர்மோனியம்!

ஆகவே கற்பனை வாசிப்பு என்பது வானத்திலிருந்து இறங்குவது அன்று. ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொல்வது. பேசத் தெரிந்த எவருக்கும் இது வரும்.

பழகும் முறையைச் சொல்கிறேன். அன்றாட வாழ்க்கையிலிருந்து ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, "மழையும் விடவில்லை, பேருந்தும் வரவில்லை" என்று இரண்டு கட்டங்களில் பாடுங்கள். அடுத்த இரண்டு கட்டங்களில் வலக்கை பதில் சொல்லட்டும். அதே வரியை இன்னொரு முறை பாடுங்கள். மறுபடி பதில். பிறகு "நடந்தே போகலாம் என்றால் செருப்பும் அறுந்ததே" என்று முடியுங்கள். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கஷ்டத்தைச் சொல்லிச் சிரிக்க வைப்பதும் புளூஸின் குணம்தான்.

பதில் சொல்லும்போது மூன்று விதிகளை நினைவில் வையுங்கள்.

முதலாவதாக, முதல் வாரம் சி, இ பிளாட், எஃப் ஆகிய மூன்று சுரங்களை மட்டுமே பயன்படுத்துங்கள். சுரம் குறைவாக இருந்தால்தான் தாளத்தில் கற்பனை பிறக்கும். ஒரே சுரத்தை எத்தனை விதமான இடைவெளியில் அடிக்கலாம் என்று பாருங்கள்.

இரண்டாவதாக, வாசித்ததையே திரும்ப வாசியுங்கள். முதல் வரிக்குச் சொன்ன பதிலை இரண்டாம் வரிக்கும் சொல்லுங்கள். மூன்றாவதில் மட்டும் மாற்றுங்கள். கேட்பவருக்கு அது ஒரு கதைபோலத் தோன்றும். ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதோ வாசிக்க வேண்டும் என்ற பதற்றமே பலரின் கையைக் கட்டிப்போடுகிறது.

மூன்றாவதாக, மௌனத்துக்கும் இடம் விடுங்கள். இடக்கை நடந்துகொண்டேயிருக்கும்போது வலக்கை சும்மா இருப்பதும் வாசிப்புதான்.

இது பழகியதும் ஒரு நுணுக்கத்தைச் சேர்க்கலாம். சி கட்டத்தில் இ சுரத்தைத் தொடுங்கள். எஃப் கட்டம் வந்ததும் அதை இ பிளாட்டாக இறக்குங்கள். அந்த ஒரு சிறிய அசைவிலேயே, கூட்டு மாறிவிட்டது என்று கேட்பவரின் காதுக்குத் தெரிந்துவிடும்.

ரே சார்ல்ஸ் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1958 டிசம்பரில் ஓர் இரவு, நிகழ்ச்சி முடிய இன்னும் சில நிமிடங்கள் மீதமிருந்தன. வாசிக்கப் பாட்டு எதுவும் கைவசம் இல்லை. "நான் வாசிப்பதைத் தொடர்ந்து வாருங்கள்" என்று குழுவினரிடம் சொல்லிவிட்டு அவர் பியானோவில் ஒரு சிறு சொற்கட்டைத் தொடங்கினார். பின்னணிப் பாடகியரிடம், தாம் பாடுவதைத் திருப்பிப் பாடச் சொன்னார். 1959இல் வெளிவந்து பெரும் புகழ்பெற்ற 'வாட்ட் ஐ சே' இப்படிப் பிறந்த பாட்டு. முன்னேற்பாடு இல்லாமல் அத்தனை பேரும் எப்படிச் சேர்ந்து வாசித்தார்கள்? அந்தப் பாட்டின் அடித்தளம் நாம் மேலே பார்த்த அதே 12 கட்டங்கள். எல்லோருக்கும் அது அத்துப்படி. சட்டம் உறுதியாக இருந்ததால் கற்பனைக்கு அங்கே இடம் கிடைத்தது. நம் கச்சேரிகளில் தாளமும் இராகமும் உறுதியாக நிற்பதால்தான் மனோதர்மம் பிறக்கிறது என்பதை இசை அறிந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

அப்படியானால் தேர்வு வேண்டாமா?

இப்படிக் கேட்கும் பெற்றோருக்கு என் பதில்: தாராளமாக எழுதட்டும். சுரம் படிக்கத் தெரிந்திருப்பது ஒரு சொத்து. ஏழு வயதில் பார்வையை முற்றிலும் இழந்த ரே சார்ல்ஸ்கூட, பார்வையற்றோர் பள்ளியில் பிரெயில் முறையில் சுரம் படிக்கக் கற்றவர்தான். அதற்கு முன்பே, ஊரில் ஒரு சிறு கடையில் இருந்த பியானோவில் கேட்டுக் கேட்டும் பழகியிருந்தார். கண்ணால் படிப்பதும் காதால் படிப்பதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. நாம் பிள்ளைகளுக்கு ஒன்றை மட்டுமே கொடுத்துவிட்டு, மற்றொன்று ஏன் வரவில்லை என்று கேட்கிறோம். எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டுமே கற்ற குழந்தை பேசாது. பேச விட்டால்தான் பேசும்.

ஆகவே பாடப் பயிற்சி முடிந்ததும் பதினைந்து நிமிடம் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தில் பெற்றோர் திருத்தக் கூடாது, "தப்பு" என்ற சொல்லே வரக் கூடாது.

வயது ஒரு தடையா?

பட்டறை அன்பருக்கு இருவரை அறிமுகப்படுத்துகிறேன். ஜிம்மி யான்சி சிகாகோவின் காமிஸ்கி பார்க் பேஸ்பால் திடலில் ஏறத்தாழ 25 ஆண்டு தரைப் பராமரிப்பாளராக வேலை செய்தவர். பகலில் புல்தரையைப் பார்த்துக்கொள்வார். ஓய்வு நேரத்தில் பியானோ. அவருடைய முதல் இசைப்பதிவு 1939இல்தான் வந்தது. அப்போது அவர் நாற்பதைக் கடந்திருந்தார். எந்தச் சுருதியில் தொடங்கினாலும் இ பிளாட்டில் கொண்டுவந்து முடிப்பது அவருடைய முத்திரை. இலக்கணம் அறிந்தவர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் இரண்டு விநாடி கேட்டாலே இது யான்சி என்று சொல்லிவிட முடியும்.

மற்றவர் பைன்டாப் பெர்கின்ஸ். இவர் முதலில் கிட்டாரும் வாசித்தவர். 1940களில் ஒரு சண்டையில் கத்திக் காயம் பட்டு, இடக்கைத் தசைநார் அறுந்தது. கிட்டார் இனிமேல் முடியாது என்று ஆனபின் பியானோவிலேயே முழுக் கவனம் செலுத்தினார். 1969இல் புகழ்பெற்ற மடி வாட்டர்ஸ் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். 2011 பிப்ரவரியில், தமது 97ஆம் வயதில், கிராமி விருது பெற்றார். அடுத்த மாதமே காலமானார். கடைசிவரை பியானோ அவரைவிட்டுப் போகவில்லை.

இன்றே தொடங்கலாம்

விலை உயர்ந்த பியானோ தேவையில்லை. 61 கட்டைகள் கொண்ட கீபோர்டு போதும். அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையும் வகையாக இருந்தால் நல்லது. அடுக்குமாடி வீடுகளில் இருப்போர் காதொலிப்பானைப் பொருத்திக்கொண்டால் அண்டை வீட்டாருக்கும் தொல்லை இல்லை.

முதல் இரண்டு வாரம் இடக்கை மட்டும். மூன்றாம் வாரம் வலக்கையில் சுரக்கூட்டுகள். நான்காம் வாரத்திலிருந்து மூன்று சுரங்களில் கேள்வி-பதில். ஆறு சுரங்களும் வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம், கவலை வேண்டாம். நாள்தோறும் ஒரு பாட்டையாவது கேளுங்கள். மெதுவாக வேண்டுமானால் ஜிம்மி யான்சி, துள்ளலாக வேண்டுமானால் 1928இல் பைன்டாப் ஸ்மித் பதிவுசெய்த 'பைன்டாப்ஸ் பூகி ஊகி', ஆழமாக வேண்டுமானால் ஓட்டிஸ் ஸ்பான். பிடித்த ஒரு சிறு சொற்கட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, முதலில் வாயால் பாடிவிட்டு, அப்புறம் விரலில் தேடுங்கள். வாயில் வந்தது கட்டாயம் விரலிலும் வரும்.

ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம். இது துன்பப்பட்ட ஒரு மக்கள் கூட்டம் உலகுக்குக் கொடுத்த செல்வம். வெறும் விரல் பயிற்சியாக எடுத்துக்கொள்ளாமல், அந்தப் பாடகர்களின் குரலைக் கேட்டு, அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் அறிந்து வாசித்தால், அதுவே நாம் செய்யும் மரியாதை. பிறகு, உங்கள் வீட்டு மழையையும் உங்கள் ஊர்ப் பேருந்தையும் அதில் சேர்த்துப் பாடுங்கள். யாரும் தடுக்கமாட்டார்கள்.